குசினிக் கட்டைப் பிடித்துப் பழகும் பாலே

வாசகர் கேள்விக்கு வைத்தியரின் பதில்

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு வயது 37. பிரதேச செயலகம் ஒன்றில் முகாமைத்துவ உத்தியோகத்தராக இருக்கிறார். கணவர் நான்கு வருடங்களாகக் கட்டாரில் வேலை செய்கிறார். பத்து வயது மகள், ஆறு வயது மகன், மாமி ஆகியோருடன் வீட்டுத்திட்ட வீடொன்றில் வசிக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை விலக்கிக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர் ஒரு சொக்லேற் பேணி கொண்டுவந்தாராம். அதன் மூடியில் வெள்ளைச் சட்டையுடன் ஒற்றைக்காலில் நிற்கும் பாலே நடனக்காரி ஒருத்தியின் படம் இருந்தது. சொக்லேற் முடிந்த பின்னர் அம்மா அதில் ஊசியும் நூலும் போட்டு வைத்திருந்தார். 2009 இல் விசுவமடுவில் பங்கருக்குள் விட்டுவிட்டு வந்த சாமான்களோடு அந்தப் பேணியும் போய்விட்டது. அதற்கடுத்த மாதங்களில் சகோதரியின் இடது கெண்டைக்காலில் செல் துண்டுகள் பட்டன. பெரியதை எடுத்துவிட்டார்கள், சிறியது ஒன்று இன்றும் உள்ளேயே இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 20.

கடந்த எட்டு மாதங்களாக, எல்லாரும் படுத்த பின்னர் இரவு பத்து மணிக்கு மேல் குசினியில் சீனிப் போத்தலோடு போனைச் சாய்த்து வைத்து, யூரியூப் பாடங்களைப் பார்த்து, குசினிக் கட்டைப் பிடித்துக்கொண்டு பாலே பழகுகிறார். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழும்பிய மகள் கண்டு சிரித்துவிட்டாள்; விடிந்ததும் அப்பம்மாவிடம் சொல்லியும் விட்டாள். “ரெண்டு பிள்ளை பெத்தவள், இந்த வயசில காலைத் தூக்கிக்கொண்டு நிக்க வெக்கமில்லையோ?” என்று மாமி கேட்டிருக்கிறார். கணவர் போனில், “உமக்கென்ன விசரே? ஊர்ச்சனம் என்ன கதைக்கும்?” என்றிருக்கிறார். புருசனின் சம்மதம் இல்லாமல் இப்படியான வகுப்புகளுக்குக் காசு செலவழிக்க, வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை இடம்தராது என்று மைத்துனர் ஒருவர் தன் பங்குக்குச் சொல்லியிருக்கிறார்.

எலும்பு முற்றிய வயதில் இதைத் தொடங்கலாமா, உள்ளே துண்டு இருக்கும் காலால் நுனிவிரலில் நிற்க முடியுமா, இரண்டு மாதமாக முழங்காலின் உட்புறம் நோவது ஏன், மகள் பரதம் பழகும்போது தாய் வெள்ளைக்காரரின் ஆட்டத்தைப் பழகுவது பிழையா என்பவை அவருடைய கேள்விகள். கடிதம் இப்படி முடிகிறது: “இந்தக் காலால் ஓடினேன், பங்கருக்குள் மடக்கி வைத்திருந்தேன், முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். அழகாக ஒன்றும் செய்ததில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

கால் நோகிறது, விறைக்கிறது, படியேற முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு வருபவர்களைத்தான் எனக்குப் பழக்கம். அழகாக ஒன்றும் செய்ததில்லை என்று தன் காலைப் பற்றி ஒருவர் குறைப்பட்டதை இப்போதுதான் வாசிக்கிறேன். நீங்கள் ஐந்து பக்கத்தில் உங்கள் ஆசைக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்குப் பிறகு அதற்குத் தேவையே இல்லை.

என்னுடைய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாலே பழகலாம். ஆனால் இப்போது பழகுகிற மாதிரி, இரவில், களைத்த உடம்போடு, அரை வெளிச்சத்தில், ஒருவர் கண்ணிலும் படாமல் பழகுவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் முழங்கால் நோவுக்கும் வீட்டில் எழுந்த கதைக்கும் இந்த ஒளிப்புத்தான் பெரும்பாலும் காரணம் என்று நினைக்கிறேன்.

வயதும் நுனிவிரலும்

எலும்பு முற்றிவிட்டதால் இனி முடியாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஆனால் ஊரெல்லாம் இருக்கிறது. உண்மையில் சிறு பிள்ளைகளைப் பற்றித்தான் ஆசிரியர்கள் அதிகம் கவலைப்படுவார்கள். பாத எலும்புகள் வளர்ந்துகொண்டிருக்கும் என்பதால் பதினொரு, பன்னிரண்டு வயதுக்கு முன்னர் நுனிவிரற் சப்பாத்தைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. வயதோடு மாறுவது வேறொன்று. தசை சில வாரப் பயிற்சியிலேயே பலப்படத் தொடங்கும். தசையை எலும்போடு இணைக்கும் நாண்களோ பலப்பட மாதக்கணக்கில் எடுக்கும். மூன்றாம் மாதத்தில் “எனக்கு இப்போது முடியும்” என்று தசை சொல்லும்போது குதிக்கால் நாண் இன்னும் ஆயத்தமாகியிருக்காது. வளர்ந்தவர்கள் காயப்படுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

நுனிவிரலில் நிற்பதுதான் பாலே என்பது சொக்லேற் பேணி ஏற்படுத்திய மயக்கம். பிரான்சில் பதினான்காம் லூயி மன்னன் 1661 இல் நடனத்துக்கென்று அரச கழகம் நிறுவினான். அவனே மேடையில் ஆடியவன். மரி தக்லியோனி என்ற நடனக்காரி பாரிஸ் மேடையில் நுனிவிரல் ஆட்டத்தைப் பாலேயின் அடையாளமாக்கியது 1832 இல். இடைப்பட்ட ஏறக்குறைய 170 வருடங்களும் மனிதர் பெரும்பாலும் முன்பாதத்திலும் முழுப்பாதத்திலும் நின்றுதான் பாலே ஆடினார்கள். இன்றும் ஆண் நடனக்காரர் பெரும்பாலும் அந்தச் சப்பாத்தை அணிவதில்லை. வளர்ந்த பின்னர் பழகத் தொடங்கிய பலர் கடைசிவரை மெல்லிய துணிச் சப்பாத்தோடேயே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அவர்கள் ஆடுவது பாலே இல்லையென்று ஆகிவிடாது. லண்டனில் 1920 இல் தொடங்கப்பட்ட றோயல் அக்கடமி ஒஃப் டான்ஸ், 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே ஒரு வகுப்புமுறை வைத்திருக்கிறது. அந்த வகுப்புக்குப் போனால் உங்களை “வயது போதாது” என்று திருப்பி அனுப்புவார்கள்.

ஆகவே நுனிவிரற் சப்பாத்து வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இணையத்தில் மலிவாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் ஒருவர் பாதத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாத அந்தச் சப்பாத்தை, செல் துண்டு பட்ட காலில் மாட்டிக்கொண்டு சீமெந்து நிலத்தில் ஏறி நிற்பதற்கு நான் ஒருபோதும் உடன்படமாட்டேன்.

முழங்காலின் உட்புறம் ஏன் நோகிறது

இதைச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. “வெறுங்காலோடு நின்றால் பாதம் நிலத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்போது நன்றாக வெளியே திருப்பி வைக்கலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். குதிக்கால்களைச் சேர்த்துப் பாதங்களை இரு பக்கமும் திருப்பி நிற்பது பாலேயின் முதலாம் நிலை. படத்தில் பாதங்கள் ஒரே கோட்டில், 180 பாகையில் இருக்கும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். தொடை முழுவதும் வெளியே உருளும்போது முழங்காலும் பாதமும் அதோடு சேர்ந்து போக வேண்டும். இடுப்பு மூட்டின் எலும்பு அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. 37 வயதில் அதை மாற்றவும் முடியாது. இடுப்பு தராத பாகையைப் பாதத்தை நிலத்தில் ஒட்டவைத்துப் பெற்றால், நடுவில் இருக்கும் முழங்கால் பிழியப்படும். அங்கேதான் நோவு. போத்தல் மூடியைத் திருகுவது போன்ற வேலையை முழங்காலுக்கு இரவு இரவாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

திருத்தும் வழி இலகுவானது. பாதங்களைச் சேர்த்து நேராக நில்லுங்கள். முன்பாதங்களைச் சற்றே தூக்கி, குதிக்காலில் ஊன்றி, தொடைகளை வெளியே உருட்டுங்கள். பாதங்கள் போய் நிற்கும் இடத்தில் விடுங்கள். அதற்குமேல் ஒரு அங்குலமும் தள்ள வேண்டாம். இரண்டு பாதங்களுக்கும் இடையே 90 பாகை வந்தாலே தாராளம். இப்போது முழங்காலை மெல்ல மடியுங்கள், பிளியே என்று உங்கள் பாடத்தில் வருவது இதுதான். மேசன்மார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டை முழங்காலின் நடுவிலிருந்து தொங்கவிட்டால் அது பாதத்தின் இரண்டாம் விரலுக்கு மேல் நிற்க வேண்டும். பெருவிரலுக்கு உள்ளே விழுந்தால் திருப்பத்தைக் குறையுங்கள்.

இதைக் கவனிக்க உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். வட இலங்கைச் சங்கீத சபையின் நடனப் பரீட்சைக்கு மகள் ஆயத்தமாகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பரதத்தில் முழங்காலை வெளியே மடித்து நிற்கும் அரைமண்டியில் முழங்கால் முன்னே சரிந்தால் எப்படி இருக்கும் என்பதை அவளுடைய ரீச்சர் அவளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். நிலத்தில் இருந்து உங்கள் முழங்காலைப் பார்த்துச் சொல்லும்படி அவளிடம் கேளுங்கள். யூரியூப் பாடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு உங்கள் முழங்கால் தெரியாது. நீங்கள் அணிகிற சோட்டியும் முழங்காலை மூடிவிடுவதால் உங்களுக்கே தெரியாது.

நோவு நிற்கும்வரை மூன்று, நான்கு கிழமைக்கு முழங்காலை ஆழமாக மடிக்கும் எதையும் செய்யாதீர்கள். பழகிய அன்று வரும் தசைநோவு ஓரிரண்டு நாளில் போனால் பயமில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியிலேயே நொந்தாலோ, முழங்கால் வீங்கினாலோ, இடையில் மாட்டிக்கொண்டு நிமிர மறுத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

உள்ளே இருக்கும் துண்டு

எங்கள் பக்கத்தில் உடம்புக்குள் இரும்போடு நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர். தசைக்குள் அமைதியாக இருக்கும் துண்டைச் சுற்றி உடம்பு நார்போன்ற உறையொன்றைக் கட்டிவிடும். அதைத் தேடி வெட்டுவதால் வரும் சேதம் அதிகம் என்பதால்தான் அன்று அதை விட்டிருப்பார்கள். கறள் பிடித்து இரத்தத்தில் கலந்துவிடும் என்று உங்களுக்குச் சொன்னவரின் பேச்சை நம்ப வேண்டாம். மூட்டுக்குள் கிடக்கும் துண்டு, குறிப்பாக ஈயத்துண்டு, வேறு விடயம். மூட்டு நீரில் ஈயம் மெல்ல மெல்லக் கரையக்கூடும். நரம்பை ஒட்டிக் கிடப்பதும் அப்படியே. குறிப்பிட்ட ஓர் அசைவில் மின்சாரம் அடித்ததுபோலப் பாதம்வரை ஓடும்.

ஆகவே வகுப்பொன்றில் சேர முன்னர் மாவட்டப் பொது வைத்தியசாலையில் கெண்டைக்காலை முன்னிருந்தும் பக்கவாட்டிலும் எக்ஸ்-றே எடுத்துப் பாருங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. உங்களுக்கு அரை நாள் லீவு மட்டும் போகும். என்ன காரணத்துக்காகவேனும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், துண்டு இருப்பதை மறக்காமல் முதலில் சொல்லுங்கள். அது பலமான காந்தத்துக்குள் ஆளைப் படுக்கவைத்து எடுக்கும் படம்.

துண்டைவிட, அது உள்ளே போன வழியில் இருக்கும் தழும்பைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். தழும்பு விழுந்த தசை இழுபடாது, கணுக்கால் மடியாது, மடியாத கணுக்காலுக்காக முழங்கால் கோணிக் கொடுக்கும். இதை நீங்களே அளக்கலாம். சுவரிலிருந்து நான்கு விரற்கிடை தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிக்கால் நிலத்திலிருந்து எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட்டால் இன்னும் ஒரு விரல் தள்ளி வையுங்கள். தொடாவிட்டால் ஒரு விரல் கிட்ட எடுங்கள். இரண்டு காலுக்கும் கணக்கு ஒன்றாக வந்தால் நல்லது. இடதுகால் இரண்டு விரல் குறைவென்றால், பாலேக்கு முன்னர் இயன்மருத்துவரிடம் போய்த் தழும்பை இளக்கும் பயிற்சிகளைக் கேளுங்கள்.

எங்கே, யாரிடம், என்ன அணிந்து

கிட்டத்தில் வகுப்பு இல்லை என்கிறீர்கள். கொழும்பில் நல்ல பாலே ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; ஆனால் 300 கிலோமீற்றருக்கு மேல் கிழமைக்குக் கிழமை போய்வர முடியாது. பதிவு செய்த பாடங்களுக்குப் பதிலாக, நேரலையில் உங்களைப் பார்த்துத் திருத்தக்கூடிய ஆசிரியர் ஒருவரிடம் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் படிப்பதே நடைமுறைக்கு உகந்தது. பாடசாலை விடுமுறைக் காலத்தில் ரயிலெடுத்துப் போய் ஒரு தடவை நேரில் காட்டி வரலாம். சேர முன்னர் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வளர்ந்தவர்களைப் புதிதாகப் பழக்கியிருக்கிறாரா, காயம்பட்ட காலுக்காகப் பயிற்சியை மாற்றித் தருவாரா, வகுப்பைப் பதிவு செய்வாரா. பதிவு செய்வதானால் அது யார் கைக்குப் போகும் என்பதையும் கேளுங்கள். வட்சப் குழுக்களில் உங்கள் காணொளியை நீங்களாகப் போட வேண்டாம். இதை வெட்கத்துக்காகச் சொல்லவில்லை. ஒருவரின் படத்தை வேறொருவர் கேலிக்குப் பயன்படுத்தும் வழக்கம் இங்கே எவ்வளவு மலிந்திருக்கிறது என்பது அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். அப்படி யாராவது தொந்தரவு செய்தால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது.

உடுப்பைப் பற்றி அதிகம் பயந்திருக்கிறீர்கள். ஒட்டிய உடையும் குட்டைப் பாவாடையும் மேடைக்கும் பரீட்சைக்கும் உரியவை. ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது முழங்காலும் கணுக்காலும்தான். காலோடு ஒட்டிய காற்சட்டையும் தொடையின் நடுவரை வரும் தளர்ந்த மேற்சட்டையும் போதும்.

இடத்தை முன் அறைக்கு மாற்றுங்கள். பிளாஸ்ரிக் கதிரையைப் பிடிக்க வேண்டாம், சாய்ந்துவிடும். பாரமான மரமேசையோ யன்னல் கட்டோ இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் இருந்தால் நல்லது. அதைத் தொட்டிருங்கள், தொங்காதீர்கள். சீமெந்து நிலத்தில் துள்ளும் பயிற்சி எதுவும் வேண்டாம்; நடனசாலைகளில் நிலத்தின் கீழே இடைவெளி விட்டுப் பலகை அடித்திருப்பது அந்த அதிர்வைத் தாங்கத்தான். நேரம் விடியற்காலை ஐந்தரை. முதலில் பத்து நிமிடம் முற்றத்தில் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள்.

மாமியும் கணவரும் ஊரும்

முதலில் மைத்துனரின் சட்டத்தை முடித்துவிடுவோம். இது என் துறையல்ல என்பதால் சட்டத்தரணியான நண்பரொருவரிடம் கேட்டே எழுதுகிறேன். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் தன் காணி, வீடு போன்ற அசையாச் சொத்தைக் கைமாற்ற முடியாது என்பது 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் இருக்கும் விதி. அசையும் பொருளுக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. நீங்கள் காணி விற்கவில்லை. உங்கள் சம்பளத்தில் வகுப்புக் கட்டணம் கட்டப் போகிறீர்கள். அரச உத்தியோகத்துக்கும் இதனால் பங்கமில்லை. காசு வாங்கிப் பிறருக்குப் படிப்பிக்கத் தொடங்கினால்தான் திணைக்கள அனுமதி பற்றிக் கேட்க வேண்டிவரும்.

சட்டம் உங்கள் பக்கம் என்பதற்காக அதைத் தூக்கிக்கொண்டு மாமியிடம் போக வேண்டாம். உங்கள் வேலைக்கும் பிள்ளைகளுக்கும் அவர் எவ்வளவு துணையாக இருக்கிறார் என்பதை உங்கள் கடிதமே மூன்று இடத்தில் சொல்கிறது. பெரியவர்கள் ஆடுவது வன்னிக்குப் புதிதும் அல்ல. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில் கால் வைத்து ஆடியவர்கள் பகலில் வயலில் நின்ற குடும்பஸ்தர்கள். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அவர்களிடம் வயது கேட்கவில்லை. பெண்கள் கோவிலில் கும்மியடித்தார்கள், கோலாட்டம் ஆடினார்கள். உங்கள் மாமி இளமையில் என்ன ஆடினார் என்று ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு கேட்டுப் பாருங்கள். வயதான பெண்கள் பலர் இந்தக் கேள்விக்கு முதலில் “சும்மா போ பிள்ளை” என்பார்கள், பிறகு எழும்பியே காட்டுவார்கள். கிளினிக்கில் “நடவுங்கோ” என்று அவருக்குச் சொல்லப்படும் அறிவுரையையும் நினைவூட்டலாம். வளர்ந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்திலாவது உடம்பை அசைக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நீங்கள் செய்யப்போவது அதற்குள் அடங்கும்.

கணவரின் கோபத்தை நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். எட்டு மாதம் தன் வீட்டில் நடந்த ஒன்றை அவர் உங்களிடமிருந்து அறியவில்லை. தாயின் வாயால், அதுவும் குற்றச்சாட்டாகக் கேட்டிருக்கிறார். தூரதேசத்தில் அறையொன்றில் எட்டுப் பேரோடு இருக்கும் மனிதனுக்கு, மனைவி இரவில் ஒளித்து ஏதோ செய்கிறாள் என்ற செய்தி முதலில் எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஊர்ச்சனம் என்று சொன்னதில் பாதி அவருடைய சொந்தப் பயம். வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு நாளாக இருந்தால், காணொளி அழைப்பில் பத்து நிமிடம் பழகிக் காட்டுங்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடித்து நிமிர்வதைப் பார்த்து அவர் ஏமாந்தே போகக்கூடும். சொக்லேற் பேணியின் கதையையும் சொல்லுங்கள். அதை அவரிடம் இதுவரை சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு அவர் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அப்போது ஆறு மாதத்துக்குப் பார்த்துவிட்டு மீண்டும் பேசுவோம் என்று தவணை வைத்துத் தொடங்குங்கள். மகள் வளர்ந்த பிறகு தொடங்கலாம் என்று நீங்களே எழுதியிருக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை; அந்த நாளில் மகளின் கலியாணம் என்று இன்னொரு காரணம் வந்து நிற்கும்.

பரதத்தை விட்டு வேற்று ஆட்டத்துக்குப் போவது பிழையா என்ற கேள்விக்கு, “மகளின் ரீச்சரிடம் நீங்களும் பரதம் பழகுங்கள்” என்று எழுதிவிட்டு நான் தப்பியிருக்கலாம். நீங்கள் கேட்டது அதுவல்ல. பரதநாட்டியத்தை இன்றைய மேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவரான ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் பழகியதே பாலேதான். 1904 இல் பிறந்தவர், திருமணமானவர், இருபதுகளின் நடுவில் ரஷ்யப் பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு மயங்கி, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டு ஆட்டத்தையும் தேடிப் பார் என்று பாவ்லோவா சொன்ன பிறகே, பரதத்தின் பழைய வடிவமான சதிர் ஆட்டத்தின் பக்கம் திரும்பி, 1935 இல் அடையாறில் அரங்கேறினார். அப்போது அவருக்கு 31 வயது. அன்றைய ஊரும் சும்மா இருக்கவில்லை. அரைமண்டிக்கும் பிளியேக்கும் முழங்கால் விதி ஒன்றுதான் என்பதை மகளோடு சேர்ந்து பழகத் தொடங்கியதும் நீங்களே காண்பீர்கள்.

ஒன்றைக் கடைசியாகக் கேட்க வேண்டும். அமைதியாக நின்று பழகும்போது சில நேரம் கால் தானாக நடுங்குவதாகவும், அந்த நாட்களின் சத்தம் காதில் கேட்பதாகவும் இரண்டு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். நடுக்கம் தசைக் களைப்பாக இருக்கலாம். சத்தம் களைப்பல்ல. வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் இதைச் சொல்லுங்கள். இரவில் தாங்கமுடியாமல் இருந்தால் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். பாலேயை நிறுத்த வேண்டியதில்லை. அப்படியான நாட்களில் தனியே பழகாமல், மகள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பழகுங்கள்.

எக்ஸ்-றே எடுத்த பிறகு, சுவரில் அளந்த விரற்கிடைக் கணக்கை இடதுகாலுக்கும் வலதுகாலுக்கும் தனித்தனியே எழுதி அனுப்புங்கள். முழங்கால் நோவு குறைந்ததா என்பதையும் சேர்த்து எழுதினால், துள்ளும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று சொல்கிறேன்.